மொத பத்து நாளு நீங்க ஒறம்பரைங்க

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்குப் பதில் எழுதறப்ப போற போக்குல "நாங்க கென்யா போயிருந்தப்ப"ன்னு ஒரு வரி எழுதிட்டனுங்க. அதுல இருந்து வர்ற லெட்டரு, வாட்ஸப்பு பாதிக்கு மேல இதே நாயந்தான். நம்ம ஈரோடு, கோயமுத்தூரு, திருப்பூரு சபைங்கள்ல இருந்து லீவுக்கு லீவு மிஷன் ட்ரிப் கெளம்பறாங்களாட்ட இருக்குது. நான் போனது ரெண்டே தடவ, 2018லயும் 2024லயும், ரெண்டுமே கென்யாவுல விக்டோரியா ஏரிக்கரையில இருக்கற கிசுமு பக்கத்துல ஒரு கிராமத்துச் சபைக்கு. அத வெச்சு எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன், இந்தத் தடவ மொத்த பக்கமும் இதுக்கே.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 23 வயசு. எங்க சபை வாலிபர் ஐக்கியத்துல 8 பேரு கென்யாவுக்கு மூணு வாரம் போறாங்க. இவன் இப்பவே பத்து பிரசங்கம் எழுதி வெச்சுட்டான், நாடகம் பழகறாங்க, கிட்டாரும் எடுத்துட்டுப் போறான். போயி எறங்குன மொத சில நாள்ல என்ன செஞ்சா நல்லா இருக்கும்? (ஒரு அம்மா, ஈரோடு)

ஒண்ணுமே செய்யாம இருந்தா ரொம்ப நல்லா இருக்குமுங்க.

கோவிச்சுக்காதீங்க, வெளையாட்டுக்குச் சொல்லல. கென்யாவுல பத்துப் பேர எடுத்தா எட்டுப் பேருக்கு மேல கிறிஸ்தவங்க. உங்க பையன் போற சபையில இருக்கற பாட்டிமாருங்க பாட்டுப் புஸ்தகமே இல்லாம ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பாடறவங்க, ஆடவும் செய்வாங்க. அவங்களுக்கு முன்னால எறங்குன மக்கா நாளே மைக்கப் புடிச்சா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, வந்த புள்ள ஆசையா பேசுதுன்னு உக்காந்து கேப்பாங்க, கையும் தட்டுவாங்க, அத நாம "ஊழியம் நல்லா நடந்துச்சு"ன்னு ஸ்டேட்டஸ் போட்டுக்குவோம். நம்மூட்டுக்கு ஒரு ஒறம்பரை வந்து செருப்பக் கழட்டுன கையோட அடுப்படிக்குள்ள பூந்து "கொழம்பு இப்புடி வெக்கக்கூடாது"ன்னு சொன்னா நாம என்ன நெனப்போம்? மொத பத்து நாளு உங்க பையன் அங்க ஒறம்பரைங்க. டீ குடுத்தா குடிக்கோணும், உக்காருன்னா உக்காரோணும், காட்டச் சுத்திக் காட்டறேன்னா கூடவே நடக்கோணும், மாடு எத்தன லிட்டர் கறக்குதுன்னு கேக்கோணும். லூக்கா 10ம் அதிகாரத்துல 70 பேர அனுப்பறப்ப ஏசப்பா என்னங்க சொன்னாரு? பை வேண்டாம், ஊடு ஊடாப் போகாம ஒரே ஊட்டுல தங்குங்க, முன்னால வெச்சதச் சாப்புடுங்கன்னுதான சொன்னாரு.

எனக்கு இதெல்லாம் பட்டுத்தான் புரிஞ்சுது. 2018ல போன மொத ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சு வெளிய மாமரத்தடியில ஏலம் போட்டாங்க, காசு இல்லாதவங்க காணிக்கையா கொண்டாந்த முட்ட, வாழத்தாரு, கால் கட்டுன கோழி இதையெல்லாம். அட, நம்ம அறுப்புப் பண்டிகை ஏலமேதான்னு எனக்குக் குஷியாயிருச்சு. ஒரு வாழத்தாரு 150 ஷில்லிங்ல நின்னுட்டிருந்துச்சு, நான் எந்திரிச்சு 1000ன்னு சொல்லிட்டேன். நம்ம காசுக்கு 700 ரூவா கூட வராதுங்க. எல்லாருங் கை தட்டுனாங்க. அடுத்து முட்ட வந்துச்சு, அதுக்கு 500ன்னேன். அப்பத்தான் அந்தச் சபை ஆயரம்மா மெதுவா என் முந்தானையப் புடிச்சு உக்கார வெச்சு, அம்மா நீங்க கேட்டா அப்பறம் வேற யாருமே கேக்க மாட்டாங்கன்னு காதோட சொன்னாங்க. திரும்பிப் பாத்தேன், வாயத் தொறந்துட்டிருந்தவங்க எல்லாம் மூடிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நம்ம சபை ஏலத்துல சிங்கப்பூர்ல இருந்து வந்தவரு மொத வரிசையில உக்காந்தா நாம பூசணிக்காய விட்டுட்டு கம்முனு இருப்போமல்ல, அதே மாதிரி. அதுக்கப்பறம் நான் வாயத் தொறக்கல. கொஞ்ச நேரத்துல ஏலம் மறுபடி சூடு புடிச்சுது, ஒரு தாத்தா ஒரே ஒரு முட்டய இருவது ஷில்லிங்குக்கு எடுத்து அதக் கொண்டாந்த பொண்ணு கையிலயே திருப்பிக் குடுத்துட்டுச் சிரிச்சாரு.

பிரசங்கம் பத்தும் பெட்டியிலயே கெடக்கட்டும். ரெண்டாவது ஞாயிறு அவங்களாக் கேட்டா ஒண்ண எடுக்கச் சொல்லுங்க. கிட்டாரு போகட்டும், ஆனா மொதல்ல அவங்க பாட்ட அதுல வாசிக்கப் பழகட்டும்.

கேள்வி: மஞ்சக் காய்ச்சல் ஊசி கட்டாயமா? இங்க கோபியிலயே போட்டுக்க முடியாதா? (பெயர் வேண்டாம், கோபிச்செட்டிபாளையம்)

கட்டாயமுங்க, உள்ளூர்ல போட மாட்டாங்க, அரசு அங்கீகாரம் பண்ணுன சென்டர்ல மட்டுந்தான். நாங்க எல்லாரும் ராத்திரி ரயிலேறி சென்னை போயி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுலதான் போட்டோம், முன்னாலயே புக் பண்ணிட்டுப் போங்க. போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் ஊசி போட்டதுக்குக் குடுக்கற அந்த மஞ்சப் புஸ்தகம் செல்லும், அதனால கெளம்பற வாரத்துல ஓடாதீங்க. ஒருக்கா போட்டா ஆயுசுக்கும் போதும். அது இல்லாம கென்யாவுல இருந்து திரும்புனா நம்ம ஏர்போர்ட்டுலயே மடக்கி 6 நாள் வரைக்கும் தனியா வெச்சுருவாங்க. 60 வயசத் தாண்டுனவங்க, முட்ட ஒத்துக்காதவங்க டாக்டர்கிட்டக் கேக்காம போட்டுக்காதீங்க. எங்க குழுவுல ஒரு பெரியம்மா இது மஞ்சக்காமாலைன்னு நெனச்சு "கீழாநெல்லி அரச்சுக் குடிச்சாப் பத்தாதா"ன்னு கேட்டாங்க, அது வேற, இது கொசு கடிச்சு வர்றது.

மலேரியா மாத்திரையும் அதே மாதிரிதான், நைரோபி மேட்டு ஊரு, குன்னூராட்ட குளுகுளுன்னு இருக்கும், அத நம்பி ஏமாந்துராதீங்க, கிசுமு ஏரிக்கரையில கொசு ஜாஸ்தி. போறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சு வந்த பொறவும் டாக்டரு சொன்ன நாள் வரைக்கும் முழுங்கோணும், ஊரு வந்து சேந்தாச்சேன்னு நிறுத்துனவருதான் எங்க குழுவுல காய்ச்சல்ல படுத்தாரு. 1844ல மொம்பாசா போன கிராப்ஃங்கற ஜெர்மன் மிஷனரியோட சம்சாரமும் பொறந்த கொழந்தையும் அதே வருஷம் ஜூலைல காய்ச்சல்ல போயிட்டாங்க. அன்னிக்கு மாத்திர கெடையாது, இன்னிக்கு இருக்குதல்ல.

கேள்வி: எம் பொண்ணு அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் இல்லாட்டி இருக்க மாட்டா. பருப்புப் பொடி, ஊறுகா, சந்தகை மாவு கட்டிக் குடுக்கலாமா? அங்க என்னதான் சாப்புடுவாங்க? (தாராபுரம்)

குடுங்க, ஆனா பிளாஸ்டிக் பையில கட்டாதீங்க. 2017 ஆகஸ்டுல இருந்து கென்யாவுல பிளாஸ்டிக் கவருக்குத் தடை, கடையில குடுக்கற கவரோட எறங்குனா ஏர்போர்ட்டுலயே வுட்டுட்டுப் போகச் சொல்லுவாங்க. டப்பாவுல, துணிப்பையில கட்டுங்க. பொடி ஒரு டப்பா போதும், ஊறுகா வேண்டாம், ஒழுகி அத்தன துணியும் பாழாப் போச்சுங்க எனக்கு.

அங்க மெயின் சோறு உகாலி. பயப்படாதீங்க, நம்ம களிதான், ராகிக்குப் பதிலா வெள்ள மக்காச்சோள மாவு. கொதிக்கற தண்ணியில மாவப் போட்டு மரத்துடுப்பால கிண்டு கிண்டுன்னு கிண்டிக் கவுத்துனா கட்டியா நிக்கும், அதப் புட்டு உருட்டி நடுவுல கட்டவெரல்ல குழி பண்ணிக் கீரைய அள்ளிச் சாப்புடறது. கீரைக்குப் பேரு சுகுமா விக்கி. ஏரி பக்கம்னா மீனு வரும், தலையோட முழுசா. பாத்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, நம்ம அமராவதி டேம்ல புடிக்கற ஜிலேபி! அந்த ஜாதியே ஆப்பிரிக்காவுல இருந்து நம்மூருக்கு வந்ததுதானுங்க. காரம் மட்டும் இருக்காது, அதுக்குத்தான் பொடி டப்பா, அதையும் அவங்க ஊட்டுல மேசை மேல எடுத்து வெக்காதீங்க, ரூமுல வெச்சுக்குங்க. டீ பால்ல கொதிக்க வெச்சுச் சக்கர தூக்கலாத் தருவாங்க, உங்க பொண்ணுக்கு அது ஒண்ணு போதும்.

இன்னொண்ணு, சாப்புடறதுக்கு முன்னால ஊட்டுப் புள்ள ஒண்ணு சொம்பும் பேசினும் எடுத்துட்டு வந்து ஒவ்வொருத்தரு கையிலயும் வெதுவெதுன்னு தண்ணி ஊத்தும். நான் பெரிய இவளாட்ட "நானே ஊத்திக்கறேன் கண்ணு"ன்னு சொம்ப வாங்கிட்டேன். பத்து வயசு இருக்கும் அந்தப் புள்ளைக்கு, மொகம் அப்புடியே சுண்டிப் போச்சு, கையில பேசின மட்டும் புடிச்சுட்டு நிக்குது. கைய நீட்டுங்க, அவ்வளவுதான்.

கேள்வி: சார்ஜர், காசு? (தம்பி ஒருத்தர், திருப்பூர்)

நம்ம பிளக் அங்க சொருகாது, சதுரமா மூணு கால் இருக்கற அடாப்டர் வாங்கிக்குங்க. டாலரு புது நோட்டா, கசங்காம. அங்க பொட்டிக்கடையில கூட எம்-பேசாதான், 2007ல இருந்தே ஃபோன்ல காசு அனுப்பறாங்க, நம்ம ஜிபேக்கெல்லாம் அண்ணன்.

கேள்வி: எனக்கு இங்கிலீஷே சுமார்தான். சுவாஹிலி கத்துக்கணுமா அக்கா? (கல்லூரி மாணவி, பவானி)

ஒரு இருவது வார்த்த கத்துக்கோ கண்ணு. ஹபாரின்னா எப்படி இருக்கீங்க, அசாந்தே நன்றி, கரிபு வாங்க வாங்க. சில வார்த்த நம்ம பக்கத்துல இருந்து போனதுதான், சாய், சப்பாத்தி, காசுக்குப் பேசா. 1896ல இருந்து 1901 வரைக்கும் மொம்பாசாவுல இருந்து ரயில் பாத போட 32,000 பேர் கிட்ட இந்தியாவுல இருந்து கூட்டிட்டுப் போனாங்க, 2500 பேர் கிட்ட செத்தே போயிட்டாங்க. அதுக்கப்பறம் கட போட்டு நின்னவங்க நெறைய. அதனால உன்னப் பாத்ததும் பசங்க "முஹிண்டி"ன்னு கத்துவாங்க, இந்தியக்காரின்னு அர்த்தம், எந்தக் கடைன்னும் கேப்பாங்க. நீ போறதுக்கு நூறு வருஷம் முன்னாலயே உன் மூஞ்சி அங்க போயிருச்சு.

நேரம் மட்டும் சூதானம். நான் ஒண்ணு ரெண்டு மூணு படிச்சு முடிச்ச தெனாவெட்டுல பெண்கள் கூட்டம் எப்பன்னு சுவாஹிலிலயே கேட்டேன், "சா தாத்து"ன்னாங்க. தாத்துன்னா மூணு. சரி, மத்தியானம் மூணு மணி, தண்ணி வாத்து ஒரு தூக்கம் போடலாம்னு இருந்தா பதினோரு மணிக்கு ஆளு வருது. அங்க மணிய வெடியால இருந்து எண்றாங்க, பொழுது கெளம்பி மூணாவது மணி, அதாவது நம்ம ஒம்பது. பூமத்திய ரேக மேலயே இருக்கற ஊரு, வருஷம் பூராப் பொழுது கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்குத்தான் கெளம்பும், அப்பறம் என்ன. எங்க அப்பச்சி நாழிகக் கணக்கு இப்புடித்தான் பொழுது கெளம்புனதுல இருந்து சொல்லுவாரு, அத மறந்துட்டு நான் போயி நிக்கறேன், முப்பது பொம்பளைங்க ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்காங்க. திட்டுவாங்கன்னு பாத்தா வரிசையா வந்து "போலே, போலே"ன்னு என் கையப் புடிச்சாங்க. போலேன்னா உனக்கு இப்புடி ஆயிப்போச்சேன்னு வருத்தப்படறது, தடுக்கி விழுந்தவங்ககிட்டச் சொல்றது. காத்திருந்தது அவங்க, ஆறுதல் எனக்கு!

கேள்வி: இங்கயே ஆயிரம் வேலை கெடக்கு. ஆளுக்கு லட்ச ரூவா செலவழிச்சு மூணு வாரம் ஊர் சுத்தறதுக்கு ஊழியம்னு பேரா? (பொள்ளாச்சி)

பாதி உங்க பக்கம் நானுங்க. மொத ட்ரிப்ல நாங்க ஸ்கூல் செவுத்துக்குப் பெயின்ட் அடிச்சோம், ரெண்டு நாளு, ஏகப்பட்ட ஃபோட்டோ. ரோட்டுக்கு அக்கட்ட ஒருத்தர் கையக் கட்டிட்டு நின்னு பாத்துட்டே இருந்தாரு, அவருதான் அந்த ஊருப் பெயின்டருன்னு ஊருக்குக் கெளம்பற அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவருகிட்டக் குடுத்திருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பாரு, வழிச்சல் இல்லாமயும் இருந்திருக்கும். 2024ல பிரஷ்ஷத் தொடல.

ஆனா மீதிப் பாதி இருக்குது. 1830ல கோயமுத்தூர் வந்த மிஷனரி ஆடிஸ், அப்பறம் ஈரோட்டுல மிஷனரியா இருந்த பாப்லி, இவங்கெல்லாம் மூணு வாரத்துக்கு வரல, ரிட்டர்ன் டிக்கெட்டு கையில கெடையாது. பாப்லி நம்ம கர்நாடக சங்கீதமே கத்துக்கிட்டு கீர்த்தனையாப் பாடித்தான் பேசுனாரு, கொறள்ல பலத இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தாரு. அந்த வெள்ளக்காரர் கொறள் படிச்சதால கொறளுக்கு ஒண்ணும் ஆகல, அவருக்குத்தான் ஆச்சு. நம்ம பசங்களும் அப்புடி ஏதாச்சும் கத்துட்டு வந்தா டிக்கெட் காசு தண்டமில்லன்னு நெனைக்கறேன். வரலைன்னா நீங்க கேட்டது நாயந்தான்.

கேள்வி: அக்கா நான் இப்பக் கிசுமுலதான் இருக்கேன், வந்து மூணு நாளாச்சு. ராத்திரி தூக்கமே இல்ல, அழுகையா வருது. டீம்ல யார்கிட்டயும் சொல்லல. (வாட்ஸப்பில், பெருந்துறைப் பொண்ணு)

எனக்கும் மூணாம் நாள்தான் கண்ணு. அங்க நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால, ஊர்ல அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பழகுன ஒடம்பு அங்க ரெண்டரைக்கே முழிச்சுக்கும், தகரத்து மேல மழ தடதடன்னு அடிக்கும், பக்கத்துக் கட்டில்ல எல்லாருங் கொறட்ட. ஒரு வாரத்துல ஒடம்பு சரியாயிரும். டீம் லீடர்கிட்டச் சொல்லீரு, அவங்களும் அழுதிருப்பாங்க.

வெடிஞ்சதும் ஜெபக் கூட்டத்துக்கு முன்னால நேரா அடுப்படிக்குப் போ. சுகுமா கீரை அரிஞ்சுட்டிருப்பாங்க, பலகையெல்லாங் கெடையாது, எலையச் சுருட்டி இடது கையில இறுக்கிப் புடிச்சுக் கத்தியால நூலாட்ட அரிவாங்க. நானும் அரியறேன்னு கேளு. நம்ம பொரியலுக்கு அரியறாப்புல பட்டையா அரிஞ்சீன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க, சிரிக்கட்டும், நீ பாட்டுக்கு அரி.