மச்சான் வண்டி ஓட்ட, மோட்டார் ரோட்டில் இழுபட்டது: படகு, எஞ்சின் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு ஊர் திருவொற்றியூர். 16 அடி பைபர் படகும் பின்னால் வெளியே மாட்டுகிற 9.9 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரும் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாள் பழவேற்காட்டில் பெரியப்பா வீட்டுப் பக்கம் தொழில் செய்யலாம் என்று படகை டிரெய்லரில் ஏற்றி, மச்சானின் குட்டியானையில் மாட்டி இழுத்துக்கொண்டு போனோம். மோட்டாரைக் கழற்றவில்லை, தூக்கி நிறுத்தி லாக் மட்டும் போட்டிருந்தேன். மீஞ்சூர் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி எகிறிக் குதித்தது. அப்புறம் கொஞ்ச தூரத்தில் பின்னால் வந்த பைக்காரர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டியதும்தான் இறங்கிப் பார்த்தோம். லாக் விட்டு மோட்டார் கீழே இறங்கி, ரோட்டில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அடியில் இருக்கும் தகடு இரண்டு விரல் அளவுக்குப் போய்விட்டது. புரொப்பல்லரில் ஒரு இலை மடங்கியிருக்கிறது. அங்கேயே கயிற்றை இழுத்துப் பார்த்தேன், ஸ்டார்ட் ஆனது. "அதான் ஓடுதே, தண்ணில வுடு" என்கிறார் மச்சான். விடலாமா? ரிப்பேர் செலவை யார் தருவது என்று வீட்டில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

பதில்: தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். அங்கேயே ஸ்டார்ட் செய்தேன் என்கிறீர்களே, ரோட்டோரத்தில், தண்ணீர் இல்லாமலா? எவ்வளவு நேரம் ஓட விட்டீர்கள்? உங்கள் கடிதத்தில் உடைந்த தகட்டைவிட எனக்குப் பயமாக இருந்தது அந்த வரிதான். தண்ணீருக்குள் இறங்குகிற மோட்டாரின் காலுக்குள்ளே இம்பெல்லர் என்று ரப்பரில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிரவைப்பது அதுதான். அதற்குத் தண்ணீரே வழவழப்பு. காய்ந்த நிலையில் சுற்றினால் சில நொடிகளிலேயே ரப்பர் உரசிச் சூடாகிக் கருக ஆரம்பிக்கும். அதனால் "ஓடுதான்னு பார்ப்போம்" என்கிற ஆசை வந்தால் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்து, புரொப்பல்லருக்கு மேலே படுக்கைவாட்டில் ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்குமே, அது முழுகும்வரை மோட்டாரை இறக்கி, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். பக்கவாட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வரவே இல்லையென்றாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

ஆனால் இப்போதைக்கு அதையும் செய்ய வேண்டாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

நீங்கள் "அடியில் இருக்கும் தகடு" என்று எழுதியிருப்பதைப் பட்டறையில் ஸ்கெக் என்பார்கள். புரொப்பல்லருக்குக் கீழே சுறாவின் முதுகுத் துடுப்பைத் தலைகீழாக மாட்டியதுபோல இருக்கும். தரை தட்டினால் அடி முதலில் அதன்மேல் விழ வேண்டும், புரொப்பல்லர் தப்பிக்க வேண்டும், அதற்காகவே வைத்தது. படகு நேராக ஓடுவதற்கும் கொஞ்சம் உதவும். இரண்டு விரல் போனால் மோட்டார் செத்துவிடாது, அந்த வகையில் மச்சான் சொல்வது பாதி சரி. அலுமினியம் தெரிந்த ஆளிடம் கொடுத்தால் ஆர்கான் வெல்டிங்கில் துண்டு ஒட்டி, தேய்த்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். கியர் பெட்டியைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், சூடு ஏறினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் போய்விடும். வெல்டிங் முடிந்ததும் வெறும் அலுமினியமாக உப்புத் தண்ணீரில் இறக்காமல் பிரைமர் அடித்துப் பெயிண்ட் அடியுங்கள். பாசி பிடிக்காமல் இருக்கப் படகுக்கு அடியில் அடிக்கிற செம்பு கலந்த பெயிண்ட் மிச்சம் இருக்கிறதே என்று அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும்.

மச்சான் பார்க்காத மீதிப் பாதிக்கு வருகிறேன். ஸ்கெக் உடைகிற அளவுக்கு அடி விழுந்திருக்கிறது, புரொப்பல்லர் இலையும் மடங்கியிருக்கிறது என்றால், அந்த அடி புரொப்பல்லர் மாட்டியிருக்கும் தண்டுக்கும் போயிருக்கலாம். தண்டு ஒரு நூல் வளைந்திருந்தாலும் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்ச் கயிற்றை உருவிவிடுங்கள், ஸ்பார்க் பிளக் ஒயர்களைப் பிடுங்கிவிடுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். புரொப்பல்லரைக் கழற்றுங்கள். ஒரு பென்சிலை எதிலாவது அசையாமல் கட்டி, அதன் முனை தண்டின் முனைக்கு மயிரிழை தள்ளி நிற்கிறமாதிரி வையுங்கள். இப்போது தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பென்சிலுக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி முழுச் சுற்றுக்கும் ஒரே மாதிரி இருந்தால் நிம்மதி. ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் விலகினால் தண்டு வளைந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். சுத்தியலால் தட்டி நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வளைந்த தண்டோடு ஓட்டினால் முதல் நாள் லேசாக அதிரும், அவ்வளவுதான் என்று தோன்றும். தண்டு வெளியே வரும் இடத்தில் உள்ள சீல் அந்த ஆட்டத்தில் விரிந்துபோய், கியர் பெட்டிக்குள் கடல் தண்ணீர் ஏற ஆரம்பிக்கும். அதனால் கியர் ஆயிலையும் பாருங்கள். மோட்டாரை நேராக நிறுத்தி, கீழே ஒரு தட்டு வைத்து, கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவையும் அப்புறம் மேல் ஸ்க்ரூவையும் கழற்றினால் ஆயில் வடியும். பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ஸ்க்ரூ முனையில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். மைபோல நைசாகப் படிந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம், விரலில் குத்துகிற சில்லுகள் இருந்தால் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. இன்றைக்கு ஆயில் சுத்தமாக வந்தாலும் புது ஆயில் ஊற்றிவிட்டு, முதல் நாலைந்து தடவை போய்வந்ததும் இன்னொரு முறை வடித்துப் பாருங்கள். சீல் போனது முதல் நாளே தெரியாது.

மடங்கின இலையைப் பொறுத்தவரை, அலுமினிய புரொப்பல்லர் என்றால் சரிசெய்ய முடியும், ஆனால் புதிது வாங்குவதற்கும் அதற்கும் செலவில் எவ்வளவு வித்தியாசம் என்று விசாரித்துவிட்டு முடிவு எடுங்கள். புரொப்பல்லரின் நடுவே, நடுக் குழலையும் வெளிப் பகுதியையும் சேர்த்துப் பிடிக்கிற ரப்பர் புஷ் இருந்தால் அது அடியில் நழுவியிருக்கலாம். பழைய புரொப்பல்லரையே போடுவதாக இருந்தால் ஒரு தந்திரம்: நடுக் குழலிலும் வெளிப் பகுதியிலும் சேர்த்து ஒரே நேர்கோடாகப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டு, கரையோரமாக ஒரு சுற்றுப் போய்வாருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் புஷ் போய்விட்டது. அப்படிப்பட்ட மோட்டார் கரையில் சத்தம் நன்றாகப் போடும், நடுக்கடலில் எதிர்க்காற்றில் உறுமிக்கொண்டே நிற்கும், படகு நகராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானதை யாருமே பார்ப்பதில்லை. மோட்டாரை மாட்டியிருக்கும் பின்பலகை. மோட்டாரின் கால் ஒரு நெம்புகோல் மாதிரி, கீழே ரோடு பிடித்து இழுத்தால் மேலே அத்தனை பலமும் அந்தப் பலகையில்தான் இறங்கும். பைபர் படகில் பெரும்பாலும் அந்தப் பலகைக்குள்ளே மரம் வைத்துத்தான் மேலே பைபர் ஒட்டியிருப்பார்கள். மோட்டாரைப் பலகையில் பிடித்திருக்கும் கிளாம்ப் இறுகும் இடத்தைச் சுற்றி, பலகை படகின் பக்கச் சுவரோடு சேரும் மூலைகளில், சிலந்தி வலைபோல மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டக் டக்' என்று கெட்டியாக வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று மாறினால் அங்கே பைபர் மரத்தைவிட்டுப் பிரிந்திருக்கிறது, இல்லையென்றால் மரம் ஊறிப்போயிருக்கிறது. அந்த நிலையில் கடலுக்குப் போனால் மோட்டார் பலகையோடு பிய்த்துக்கொண்டு போகும். மோட்டாரின் கிளாம்ப் பிராக்கெட்டிலும், லாக் விழும் பல்லிலும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

லாக் ஏன் விட்டது என்று கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அந்த லாக், கரை ஏறும்போதும் ஆழம் குறைந்த இடத்தில் நிற்கும்போதும் மோட்டாரைத் தூக்கிவைக்கக் கொடுத்தது. வேகத்தடைக்குக் கொடுத்ததில்லை. கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமாகிக் கிடக்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை வழியாகத்தானே போயிருப்பீர்கள், அங்கேயே பாதி ஆடியிருக்கும், மீஞ்சூர் வேகத்தடை மீதியை முடித்துவைத்திருக்கும். அடுத்த தடவை மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். உங்கள் மோட்டார் சுமார் 40 கிலோ, நீங்களும் மச்சானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால் இரண்டு நிமிட வேலை. கழற்ற முடியாத பெரிய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: டிரெய்லர் சட்டத்திலிருந்து மோட்டாரின் கால்வரை ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள், கால் உட்காருகிற முனையைக் கவட்டை மாதிரி வெட்டி ரப்பர் சுற்றி, ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். அப்போது குலுக்கல் டிரெய்லருக்குப் போகும், பின்பலகைக்குப் போகாது. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கிப் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், டீ குடிக்க எப்படியும் நிறுத்தத்தானே போகிறீர்கள்.

செலவு விஷயம். வண்டி ஓட்டியவர் மச்சான், மோட்டாரைக் கட்டாமல் விட்டவர் நீங்கள். வேகத்தடையில் குதித்ததற்கு அவரைக் கேட்கலாம், கட்டாததற்கு அவரைக் கேட்க முடியாது. என்னைக் கேட்டால் முக்கால் பங்கு உங்களுடையது. தங்கச்சி வீட்டுக்காரரா, மனைவியின் தம்பியா என்று நீங்கள் எழுதவில்லை, அதற்குத் தகுந்தமாதிரி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் படகிலிருந்து இறக்கும்போது மோட்டார் கை நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டோம். இரண்டு நாள் வெயிலில் காயவைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: அந்த இரண்டு நாள்தான் மோட்டாரைக் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும், வெளியே வந்து உப்புத் தண்ணீரும் காற்றும் சேர்ந்த பிறகுதான் பேரிங்கைத் தின்ன ஆரம்பிக்கும். எடுத்த உடனே நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, மோட்டாரைச் சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்து சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கார்புரேட்டரையும் பெட்ரோல் குழாயையும் காலி செய்து, ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எஞ்சின் ஆயிலையும் மாற்றி, சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு அன்றைக்கே ஓட்டிச் சூடேற்ற வேண்டும். மெக்கானிக் உடனே கிடைக்கவில்லையா? கேட்டால் சிரிப்பீர்கள், மோட்டாரை நல்ல தண்ணீர் டிரம்மில் முழுக்கவே அமுக்கி வையுங்கள், காற்றுப் படாமல் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் மெக்கானிக் ஒருவரைப் பிடிப்பது சுலபமில்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது முழுகியிருந்தாலும், உள்ளே மணல் போயிருந்தாலும், கயிற்றைக் கண்டபடி இழுக்காதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். அப்படிப்பட்டதைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மோட்டாரை மீன்பாடி வண்டியில் படுக்கவைத்து ராயபுரத்துக்குக் கொண்டுபோகலாமா? எந்தப் பக்கம் படுக்கவைப்பது?

பதில்: கொண்டுபோகலாம். டூ ஸ்ட்ரோக் என்றால் பக்கம் பெரிதாக முக்கியமில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கம்பெனி சொல்கிற பக்கத்தில்தான் படுக்கவைக்க வேண்டும், தப்பான பக்கம் போட்டால் எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் ஏறிவிடும். கம்பெனிக் கையேட்டில் படமே போட்டிருப்பார்கள், மோட்டாரிலும் தரையில் ஊன்றுவதற்கென்று குமிழ்கள் இருக்கும். எதுவாக இருந்தாலும் முதலில் ஐந்து நிமிடம் நேராக நிறுத்தி உள்ளே நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள், அப்புறம் தலை கொஞ்சம் உயரத்திலும் கால் தாழ்வாகவும் இருக்கும்படி, தலைக்குக் கீழே ஒரு கோணிமூட்டையை வைத்து ஏற்றுங்கள். நான் வேலை கற்றுக்கொண்ட முதல் வருடம் ஒரு மோட்டாரைக் கால் மேலே இருக்கிறமாதிரி வண்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். காலுக்குள் இருந்த உப்புத் தண்ணீர் புகைபோக்கி வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தது. பட்டறைக்கு வந்து சர்வீஸ் ஆரம்பிக்கிறபோது மோட்டார் வரும்போது இருந்ததைவிட மோசமாக இருந்தது, அந்த வாரச் சம்பளத்தில் பாதி பேரிங்குக்குப் போனது.