நியூகாசில்ல பாக்க என்ன இருக்கு? (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்கா,

நான் சிட்னில வேலை பாக்கறேன். டிசம்பர்ல அப்பா அம்மா வர்றாங்க. சிட்னிக்கு வடக்க இருக்கற நியூகாசில்ல உங்க தம்பி வீட்டுல ஒரு மாசம் இருந்தேன்னு எழுதியிருந்தீங்கல்ல, அங்க கூட்டிட்டு போக ரெண்டு நாள் போதுமா? அது நிலக்கரி ஊரு, பாக்க ஒண்ணுமில்லன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. நெட்ல பாத்தா பீச், கடல் குளம்னுதான் வருது, எங்கம்மா தண்ணில இறங்க மாட்டாங்க. அதனால வேற இடங்களா ஒரு லிஸ்ட் கொடுத்தா உதவியா இருக்கும். ஒட்டகச் சவாரி நல்லாருக்குமா?

ஆர்., சிட்னி

அன்புள்ள தம்பி,

லிஸ்ட் தானே, துறைமுக வாசல்ல இருக்கற நாபீஸ் கலங்கரை விளக்கம், ஸ்க்ராட்ச்லி கோட்டை, 2015ல பாறை முகட்டுல போட்ட அந்த 450 மீட்டர் போர் வீரர் நினைவு நடைபாலம், எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம். ஒட்டகம் ஊருக்குள்ள கிடையாது, வடக்க அன்னா பே வரைக்கும் கார்ல போகணும், அப்பாவுக்கு முட்டி வலி இருந்தா விட்டுடுங்க. லிஸ்ட் அவ்ளோதான்.

நிலக்கரி ஊருன்னு சொன்னவன் சரியாத்தான் சொல்லியிருக்கான், ஆனா அதுக்கு எதுக்கு மூஞ்சிய சுளிக்கணும்? 1799லயே அங்கேர்ந்து வங்காளத்துக்கு கப்பல்ல கரி போயிருக்கு, இன்னிக்கும் கரி ஏத்துமதில உலகத்துலயே பெரிய துறைமுகம் அதுதான், உங்க ஃப்ளாட்ல ஏசி போடறப்ப வர்ற கரண்ட்லயும் பாதிக்கு மேல கரிதான். 1915லேர்ந்து 1999 வரைக்கும் அங்க பெரிய எஃகு ஆலை வேற ஓடிச்சு. வேலை செஞ்சு கை காய்ச்ச ஊரு அது, வர்றவங்களுக்காக பவுடர் போட்டுட்டு நிக்காது. ஆனா நாபீஸ் பக்கம் போய் நில்லுங்க, நம்ம தெருவுக்குள்ள லாரி நுழையற மாதிரி அவ்ளோ பெரிய கப்பல் மூக்குக்கு முன்னாடி மெதுவா திரும்பி ஆத்துக்குள்ள போகும், டிக்கெட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்கப்பா அங்கேர்ந்து நகர மாட்டார் பாருங்க.

சரி அத விடுங்க. உங்க லெட்டர்ல என்னைய உறுத்தினது வேற வரி. "எங்கம்மா தண்ணில இறங்க மாட்டாங்க." யாரு சொன்னா? அம்மா சொன்னாங்களா, இல்ல நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?

நான் போனப்ப எங்கம்மாவும் கூட வந்தாங்க. தம்பி வீட்டுலேர்ந்து நடக்கற தூரத்துல அந்த ஊர் கடல் குளம், 1922ல தொறந்தது, பாறைத் திட்டுல சுவர் கட்டி கடல் தண்ணிய உள்ள வாங்கி வச்சிருக்காங்க, அலை பெருசா இருந்தா சுவத்த தாண்டி வந்து விழும். தெனம் காலைல ஃப்ளாஸ்க்ல காபி எடுத்துட்டு போவோம். அம்மா செருப்ப கைல புடிச்சிட்டு, ஹேண்ட்பேக்க தோள்ல மாட்டிட்டு, சேலைய கணுக்காலுக்கு மேல தூக்கிக்கிட்டு அந்த சிமெண்ட் படில நிப்பாங்க. எழுபது வயசு கிழவிங்க கைத்தடியோட வருவாளுங்க, தடிய சுவத்துல சாத்திட்டு, கம்பியப் புடிச்சு ஒவ்வொரு படியா இறங்கி, கழுத்தளவு தண்ணில நின்னுகிட்டு வட்டமா கதை பேசுவாளுங்க. நீச்சல் கூட இல்ல, வெறும் அரட்டை. அம்மா அதையே பாத்துட்டு இருப்பாங்க.

ஒரு நாள் சொன்னாங்க, "அந்த நீலத் தொப்பிக்காரிக்கு என் வயசுதான் இருக்கும்ல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா, வா, காபி ஆறிடப் போவுது."

இத்தனைக்கும் எங்கம்மா குளித்தலைக்காரங்க, காவேரில மதகு மேலேர்ந்து குதிச்சவங்க, பெரிய மனுஷி ஆனப்புறம் ஆத்துப் பக்கமே விடலன்னு எங்கிட்டயே நூறு தடவ சொல்லியிருக்காங்க. தெரியாம சொல்லல தம்பி, தெரிஞ்சேதான் சொன்னேன். ஊருக்கு திரும்பினப்புறம் பக்கத்து வீட்டுல ஓபரா ஹவுஸ பத்தி ஒரு வார்த்த பேசல, "அங்க கெழவிங்கல்லாம் கடல்ல எறங்கி கத பேசறாளுங்க"ன்னு ரெண்டு வருஷத்துக்கு அதே பேச்சுதான். இப்ப கூட்டிட்டு போலாம்னா அம்மா இல்ல.

அந்த ஊர்ல போகி ஹோல்னு ஒரு குளம் இருக்கு, நம்ம போகிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அது பூர்வகுடிகளோட வார்த்தை, குளிக்கறதுன்னு அர்த்தம். 1819 வாக்குல மோரிசெட்னு ஒரு அதிகாரி, கைதிகள விட்டு பாறைய வெட்ட வச்சு தனக்குன்னு ஒரு குளம் பண்ணிக்கிட்டார். ஒரே ஒரு ஆள் குளிக்கறதுக்கு! 1863ல அது பொதுவுக்கு வந்துச்சு, அப்புறம் 1922ல ஊர்க் குளம், 1935ல மெரிவெதர் குளம், ரெண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, டாக்டரும் குளிக்கலாம் எஃகு ஆலைல வேலை பாத்து ரிடையர் ஆனவரும் குளிக்கலாம். ஊரோட குணம்னு கேட்டா நான் இதத்தான் சொல்வேன். இத நீங்க "எல்லாமே பீச்சும் குளமும்"னு லிஸ்ட்லேர்ந்து அடிச்சிட்டு வேற இடம் கேக்கறீங்க, எனக்கு கோவம் வராம என்ன பண்ணும். சாப்பாட்ட எடுத்துட்டு மீதி எலைல என்ன இருக்குன்னு கேக்கற மாதிரி இருக்கு.

போகி ஹோல மேலேர்ந்து பாத்தா போதும், அம்மாவ கீழ இறக்காதீங்க, வழுக்கும், அலை ஆள இழுத்துடும். ஊர்க் குளத்துக்கு ஒட்டுனாப்ல பசங்களுக்கான சின்ன குளம் ஒண்ணு இருக்கு, ஒரு காலத்துல நடுவுல சிமெண்ட்ல உலக வரைபடமே செஞ்சு வச்சிருந்தாங்களாம், பசங்க கண்டம் விட்டு கண்டம் தாவுவாங்களாம், அதையெல்லாம் கடல் தின்னுடுச்சு. ஆழம் கம்மி, மொதல்ல அதுல கால நனைக்கட்டும்.

மொத நாள் ஒண்ணும் கேக்காதீங்க, சும்மா படில உக்கார வைங்க. அடுத்த நாள் கேளுங்க. அப்பா முன்னாடி கேக்காதீங்க, "இந்த வயசுல என்ன"ன்னு அவர் ஆரம்பிச்சா முடிஞ்சுது, அவர கப்பல் பாக்க அனுப்பிட்டு கேளுங்க. லெக்கின்ஸும் பழைய டி-ஷர்ட்டும் போதும், அங்க எவனும் யாரையும் திரும்பிப் பாக்க மாட்டான். வெயில் ஏறறதுக்கு முன்னாடி போயிடுங்க, தண்ணி மொதல்ல சில்லுன்னுதான் இருக்கும், கம்பிய விட்டுடாதீங்கன்னு சொல்லுங்க, நீங்க ஒரு படி கீழ நில்லுங்க. கழுவறதுக்காக குளத்த காலி பண்ற நாள்னு ஒண்ணு உண்டு, அது என்னிக்குன்னு பாத்துக்கிட்டு ரூம் போடுங்க.