அதே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறவன் தேவன் நல்லவர் என்று எப்படி நம்புவது?

"விட்ட பாவத்தையே மறுபடி செய்கிறேன். சபையில் பார்த்தாலும் யோக்கியன் என்று ஒருவரும் இல்லை. இதற்குப் பிறகும் தேவன் நல்லவர் என்று எப்படி நம்ப?" என்று கேட்டிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துக்காரர் என்றால் கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டப் பந்தல் ஒலிபெருக்கியில் "பாவியே!" என்று கேட்டே வளர்ந்திருப்பீர்கள். திருவிருந்து ஞாயிறுகளில் அப்பமும் ரசமும் வாங்கப் பெஞ்சை விட்டு எழும்பாத ஆளாகவும் இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் முதலில் தன் மனந்திரும்புதல் எவ்வளவு ஆழம் என்று அளக்கிறோம். அந்த அளவுக்குத் தகுந்தபடி தேவன் நல்லவரா என்று முடிவு கட்டுகிறோம். வேதத்தில் வரிசை தலைகீழ். யாத்திராகமம் 32 முதல் 34 வரை ஒரே இருப்பில் வாசித்துப் பாருங்கள். இஸ்ரவேலர் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி செய்தாயிற்று, கற்பலகை உடைந்தாயிற்று, மூவாயிரம் பேர் வரை செத்தாயிற்று. அதற்குப் பிறகுதான், 33:19-ல், தம்முடைய தயை எல்லாவற்றையும் மோசேக்கு முன்பாகக் கடந்துபோகப் பண்ணுவேன் என்கிறார். 34:6-ல் இரக்கம், கிருபை, நீடிய சாந்தம் என்று தம்மைத் தாமே அறிவிக்கிறார். ஜனங்கள் ஒழுங்காக இருந்த நாளில் சொன்ன வார்த்தை இல்லை அது.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது. ஆதியாகமம் 6:5-ல் மனுஷன் இருதயத்து நினைவுகள் பொல்லாதவை. அதனால் வெள்ளம் வருகிறது. 8:21-ல் வெள்ளம் வடிந்த பிறகும் அதே இருதயம், அதே பொல்லாப்பு. ஆனால் இப்போது அதைச் சொல்லிவிட்டுத்தான் இனி பூமியைச் சபிப்பதில்லை என்கிறார். வெள்ளத்தால் மனுஷன் திருந்தவில்லை. அது தெரிந்தேதான் அந்த வாக்கு கொடுக்கப்பட்டது.

"கிருபையை மலிவு விலைக்கு விற்கிறான்" என்று கருத்து எழுத வருகிறவர்களுக்கு: கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் நிலைத்திருக்கக் கூடாது என்கிற ரோமர் 6:1, 2 எனக்கும் தெரியும். குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்றுதான் யாத்திராகமம் 34:7-ம் முடிகிறது. மன்னிப்பும் விளைவும் வேறு வேறு. எண்ணாகமம் 14:20-ல் "மன்னித்தேன்" என்கிறார், 23-ம் வசனத்தில் அந்த ஆட்கள் தேசத்தைக் காணமாட்டார்கள் என்கிறார். தாவீது ராஜாவுக்கும் அதே கதைதான், மன்னிப்பும் கிடைத்தது, விளைவும் வந்தது. விளைவு தலையில் விழும்போது "மன்னிக்கவே இல்லை போல" என்று முடிவு கட்டுவதால்தான் பாதிப் பேருக்கு நம்பிக்கை போகிறது.

இனி செய்ய வேண்டியது. இரவில் சங்கீதம் 51-ஐ வாய்விட்டு வாசியுங்கள், 19 வசனம்தான். முதல் வசனம் தேவனுடைய கிருபையிலும் இரக்கத்திலும் ஆரம்பிக்கிறது. பாவம் அதன் பின்னால்தான் வருகிறது. உங்கள் ஜெபமும் அந்த வரிசையில் போகட்டும். பிறகு "நான் மகா பாவி" என்று மொத்தமாகச் சொல்லி ஒப்பேற்றாமல், செய்ததைப் பேர் சொல்லிச் சொல்லுங்கள். காயாத ரப்பர் ஷீட்டை அடுக்கின் நடுவில் செருகி, காய்ந்த ஷீட் விலைக்கு எடை போட்டிருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள். அது காயவில்லை என்று உங்களுக்குத் தெரியும், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெள்ளைத் திட்டு நிற்குமே! அப்படி ஏமாற்றி வாங்கிய தொகை வெறும் ஜெபத்தோடு தீராது. லேவியராகமம் 6:5-ன்படி முதலும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து உரியவனிடம் போக வேண்டும். 10,000 என்றால் 12,000. காணிக்கைப் பெட்டியில் போட்டால் கணக்கு தீராது, யாவாரி கையில்தான் கொடுக்க வேண்டும்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விழுந்த பிறகு "கொஞ்ச நாள் போகட்டும், எந்த முகத்தோடு போக" என்று வேதத்தையும் ஜெபத்தையும் தள்ளி வைப்பது. தாழ்மை மாதிரி தெரியும், உண்மையில் நாமே நமக்குப் போட்டுக்கொள்ளும் தண்டனை அது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் மனஸ்தாபப்பட்டான், குற்றமில்லாத இரத்தம் என்று ஒத்துக்கொண்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் போனது பிரதான ஆசாரியரிடம், இயேசுவிடம் இல்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவோ, கரையில் நிற்பது கர்த்தர் என்று கேட்டதும் படகு போய்ச் சேரும்வரைக்கும் பொறுக்காமல் கடலில் குதித்தான்.

சபையைப் பற்றிச் சொன்னீர்களே, அதுவும் சரிதான். சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டிக்குத் தேர்தல் வந்தால் ஒரே பெஞ்சில் இருந்து பாடினவர்கள் இரண்டு கட்சியாகி, அடுத்த கல்யாணத்துக்குக் கூடப் போகமாட்டார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி எடுக்க ஆள் இருக்காது, ஓட்டர் லிஸ்டில் பேர் சேர்க்க மட்டும் வீடு வீடாக வருவார்கள். எரிச்சல்தான். அது மனுஷர் லட்சணம், தேவனுடைய குணத்துக்கு அதைச் சாட்சியாக எடுக்க வேண்டாம். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: பாவம் ஒரு பிள்ளைக்கு எதிரான பாலியல் கொடுமை என்றால், மன்னிப்பு என்று பேசிக் கமிட்டியில் முடித்து வைக்கக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசியாகத் திருவிருந்து. பெஞ்சிலேயே இருப்பவர்கள், தகுதியில்லாமல் புசிக்கிறவன் குற்றவாளி என்கிற 1 கொரிந்தியர் 11:27-ஐக் காட்டுவார்கள். மேலே 21-ம் வசனத்தைப் பாருங்கள். அந்தச் சபையின் பந்தியில் ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். பவுல் கண்டித்தது அந்த லட்சணத்தை. 28-ல் தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறார், சோதித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. யாரோடாவது சண்டை இருந்தால் சனிக்கிழமையே போய்ப் பேசிவிடுங்கள். ஞாயிறு எழும்பி முன்னால் போங்கள்.