பண்டிகை நாட்களில் வரும் தலைவலி: கேள்விகளும் டாக்டரின் பதில்களும்

கேள்வி: வேலை நெருக்கும்போது தலை வலிப்பதில்லை டாக்டர். எல்லாம் முடிந்து ஓய்வாக உட்காரும் நாளில்தான் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஏன்?

பதில்: மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி உள்ள பலரும் சொல்வது இதைத்தான். மன அழுத்தம் ஏறும்போது மட்டுமல்ல, சட்டென்று இறங்கும்போதும் அது வரும். மைக்ரேன் உள்ளவர்களின் மூளைக்கு மாற்றமே ஆகாது. விடுமுறை அன்று நேரம் கழித்து எழுந்திருப்பீர்கள், காலைச் சாப்பாடு தள்ளிப்போயிருக்கும், காபியும் தாமதம். எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அதனால் ஓய்வு நாளிலும் வழக்கமான நேரத்துக்கே எழுந்து, சாப்பிட்டு, காபி குடித்துவிடுங்கள். களைப்பாக இருந்தால் மதியம் கொஞ்ச நேரம் படுக்கலாம். வேலைகளைக் கடைசி நாளில் குவிக்காமல் முன்பே பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கேள்வி: எனக்கு இரண்டு பக்கமும் பட்டை கட்டி இறுக்கின மாதிரி இருக்கிறது. இதுவும் மைக்ரேனா?

பதில்: அநேகமாக டென்ஷன் தலைவலி. நடந்தால் வலி அதிகமாகாது, வாந்தி வராது. மைக்ரேன் என்றால் படியேறினாலே கூடும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது. கழுத்தும் தோளும் இறுகும்படி வெகுநேரம் குனிந்தே வேலை செய்யாமல் இடையிடையே எழுந்து நடங்கள்.

கேள்வி: சாக்லேட் சாப்பிட்டால் வலி வருகிறது. அடியோடு நிறுத்திவிடவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வலி தொடங்கச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒரு நாள் முன்பே, மூளையில் மைக்ரேன் ஆரம்பித்துவிடும். கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பின் மேல் ஆசை எல்லாம் அதன் அறிகுறிகள். அந்த ஆசையில்தான் சாக்லேட்டைச் சாப்பிட்டிருப்பீர்களோ என்னவோ. சில மாதம் குறித்துவைத்துப் பாருங்கள். மது வேறு விஷயம், அது பலருக்கு உண்மையாகவே வலியைக் கிளப்பும். பட்டினியும் அப்படித்தான். விருந்து தாமதமாகும் என்று தெரிந்தால் முன்னதாக ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: வீடு நிறைய விருந்தினர் இருக்கும்போது படுத்துவிட முடியாது. வலி வராமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வலி மாத்திரை என்றால் கூடவே கூடாது. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ என்று 3 மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையாலேயே தலைவலி அன்றாடம் ஆகிவிடும். வலி வந்ததும் ஆரம்பத்திலேயே சரியான அளவில் போடுங்கள். தாமதித்தால் மைக்ரேனில் வயிறு மந்தமாகி, மாத்திரை உடலில் சேரவே நேரமாகும். இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள் டிரிப்டான் போடக் கூடாது.

அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்துகள் தனியாக இருக்கின்றன: புரொப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட். உடல்நிலையைப் பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் பண்டிகைக்கு வெகு முன்பே போய்ப் பாருங்கள். அப்புறம், வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இருட்டறையில் கொஞ்ச நேரம் படுப்பது மரியாதைக் குறைவு இல்லை.

கேள்வி: எந்தத் தலைவலிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பதில்: இடி விழுந்ததுபோல் திடீரென உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், தலையில் அடிபட்ட பின் வரும் வலி. இவற்றில் எது இருந்தாலும் விருந்து, விடுமுறை என்று பார்க்காமல் உடனே கிளம்புங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.