டஃப், காஃப், த்ரூ: நாலே எழுத்து, இத்தனை சத்தமா?

குடியாத்தம் நண்பருக்கு, ஏழாவது படிக்கிற உங்கள் மகள் ஓ, யூ, ஜி, ஹெச் சேர்ந்து வரும் சொற்களை எல்லாம் 'டஃப்' மாதிரியே படித்து, 'த்ரூ'வைக்கூட 'த்ரஃப்' என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் மேல் தப்பே இல்லை சார். அந்த ஜி-ஹெச்சுக்கு ஒரு காலத்தில் தொண்டையில் உரசி வரும் ஒரு சத்தம் இருந்தது, அது சில சொற்களில் செத்துப்போய், சிலவற்றில் 'ஃப்' ஆகிவிட்டது, ஆனால் 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய உருவத்திலேயே உறைந்துவிட்டது. நம்ம பக்கம் 'வாழைப்பழம்' என்று எழுதிவிட்டு 'வாயப்பயம்' என்று கேட்கிறோமே, அந்தக் கதைதான். இதைச் சொன்னதும் என் அக்கா மகன் சிரித்துவிட்டான், அப்புறம்தான் அவனுக்கு இங்கிலீஷ் பயம் விட்டது.

மொத்தமாக மனப்பாடம் வேண்டாம். கடைசியில் டீ எழுத்து ('கேட்'டில் வருகிற டீ) உள்ளதை முதலில் கொடுங்கள்: பாட், ப்ராட், தாட், ஃபாட், எல்லாம் ஒரே ஓசை. வறட்சியைச் சொல்லும் 'ட்ரௌட்' மட்டும் தனி. கோடையில் பாலாற்றுப் பாலத்தில் நிற்கவைத்துச் சொல்லுங்கள், மறக்கவே மறக்காது. 'ஃப்' கோஷ்டி சின்னது: ரஃப், டஃப், இனஃப், காஃப். 'தோ', 'த்ரூ' இரண்டுக்கும் ஜி-ஹெச்சை விரலால் மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள், 'ஃப்' தானாக நின்றுவிடும்.