ஆக்சிஸ் 170 என்றால் பவர் 170-ஆ?

கேள்வி: தையல் வேலை, வயது 34. சாயங்காலமானால் தலைவலி, ஊசிக் காது நிழலடித்து இரண்டாகத் தெரிகிறது. கண் பரிசோதனைச் சீட்டில் 'சிலிண்டர் -1.50, ஆக்சிஸ் 170' என்றிருக்கிறது. அவ்வளவு மோசமா டாக்டர்? நான்கு நாளாகப் புதுக் கண்ணாடி போட்டதில் தரை சரிந்தாற்போல் இருக்கிறது. சொட்டு மருந்தில் சரியாகாதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. 170 பவர் இல்லை, டிகிரி. சிலிண்டரை, அதாவது ஒரு திசையில் மட்டும் பவர் உள்ள லென்ஸை, எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்ற கணக்கு. உங்கள் சிலிண்டர் பவர் ஒன்றரைதான். கருவிழி பந்துபோல் சீராக இல்லாமல், கரண்டியின் முதுகுபோல் ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கிறது. ஒளி ஒரே புள்ளியில் குவியாததால்தான் அந்த நிழல். இதுதான் அஸ்டிக்மேடிசம். எனக்கும் உண்டு. தெருவிளக்குக்கு வால் முளைத்திருப்பது எல்லோருக்கும் தெரிவதுதான் என்று கல்லூரி நாள்வரை நினைத்திருந்தேன்!

சொட்டு மருந்தோ கண் பயிற்சியோ இந்த வளைவை மாற்றாது. கண்ணாடி, இந்த வளைவுக்கென்றே செய்த டோரிக் கான்டாக்ட் லென்ஸ், தகுதியிருந்தால் லேசர், இவைதான் வழி. உங்களுக்குக் கண்ணாடியே போதும்.

தரை சரிவது பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் பழகிவிடும். பழகாவிட்டால் மறுபரிசோதனைக்குப் போங்கள். அப்புறம், கண்ணாடியை ஒற்றைக் கையால் இழுத்துக் கழற்றாதீர்கள். ஃப்ரேம் கோணி லென்ஸ் 10 டிகிரி திரும்பினாலே மூன்றில் ஒரு பங்கு பலன் போய்விடும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதன் கண்ணையும் பார்த்துவிடுங்கள். சிறு வயதில் கவனிக்காவிட்டால் பார்வை சரியாக வளராமல் சோம்பேறிக் கண் ஆகலாம்.