அதிக பாரத்துடன் கலவை இயந்திரத்தையும் இழுத்துச் சென்ற பிக்கப்: காப்பீடு கிடைக்குமா?

கேள்வி: சொந்தமாக ஒரு சிறிய பிக்கப் வாங்கி, நானே ஓட்டி, வாடகைக்குச் சரக்கு ஏற்றி வருகிறேன். 1,500 சிசி எஞ்சின். ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடை 1,600 கிலோ என்றும் மொத்த எடை 2,850 கிலோ என்றும் உள்ளது. சென்ற மாதம் ஒரு கட்டட ஒப்பந்ததாரர் 45 மூட்டை சிமெண்டை ஏற்றி, தம்முடைய கான்கிரீட் கலவை இயந்திரத்தையும் பின்னால் கொக்கியில் மாட்டி அனுப்பினார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் முன்னால் சென்ற இரு சக்கர வாகனத்தில் மோதி, அதை ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. இயந்திரத்தைக் கழற்றிவிட்டு எடை மேடையில் ஏற்றியபோது வண்டி 3,920 கிலோ காட்டியது. இதே பாரத்தை வண்டி பலமுறை சிரமமின்றி இழுத்திருக்கிறது. விற்றவர்களும் இரண்டு டன் தாங்கும் என்றே சொன்னார்கள். இப்போது காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கிறது, ஒப்பந்ததாரரும் கைவிரிக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: "வண்டி இழுத்தது" என்ற வாதத்தை எந்த இடத்திலும் எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள். அது உங்களுக்கு உதவாது. தெரிந்தே பலமுறை அதிக பாரம் ஏற்றியிருக்கிறீர்கள் என்பதற்கு உங்கள் வாயாலேயே கிடைத்த சாட்சியமாகிவிடும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு எஞ்சினின் திறனைப் பற்றிப் பேசவே இல்லை. பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையைத் தாண்டிய வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது, ஓட்டச் செய்யவோ அனுமதிக்கவோ கூடாது என்பதே அதன் கட்டளை. உங்கள் ஆர்.சி. புத்தகப்படி மிஞ்சுவது 1,250 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 25 மட்டுமே. ஓட்டுநரின் எடையும் அதற்குள்தான் அடங்க வேண்டும் என்பதால் கணக்காகப் பார்த்தால் 25 மூட்டையே அதிகம். சிறிய எஞ்சினாக இருந்தாலும் கீழ் கியரில் பெரும் பாரத்தை நகர்த்திவிட முடியும். ஆனால் பிரேக்கும் டயரும் அச்சும் 2,850 கிலோவைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டவை. 1,070 கிலோ கூடுதல் என்றால், அதே வேகத்தில் நிறுத்துவதற்குப் பிரேக் ஏற்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 37 சதவீதம் கூடுகிறது. தனக்கென்று பிரேக் இல்லாத ஓர் இயந்திரம் இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளுவது அதற்கும் மேல். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு இதைத்தான் சொல்லும்.

அபராதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆவது பிரிவின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும், பாரத்தை இறக்கும் செலவும் உண்டு. ஆனால் அபராதத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் காப்பீட்டு வழக்கில் எடுத்துக் காட்டப்படும் என்பதால், உங்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் கட்ட வேண்டாம்.

காப்பீட்டில் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காயமடைந்தவருக்கான இழப்பீடு ஒன்று, உங்கள் வண்டியின் சேதம் மற்றொன்று. மூன்றாம் நபருக்கான, அதாவது காயமடைந்தவருக்கான, இழப்பீட்டில் காப்பீட்டு நிறுவனம் எழுப்பக்கூடிய எதிர்வாதங்களைச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு வரையறுத்துவிட்டது. அந்தப் பட்டியலில் அதிக பாரம் இல்லை. ஆகவே அந்தத் தொகையை நிறுவனமே செலுத்த வேண்டும் என்று மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நீங்கள் வலுவாக வாதிடலாம். முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடப்படும் வாய்ப்பும் உண்டு. அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமமும் பர்மிட்டும் பற்றிக் கிளப்பினால் அஞ்ச வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குப் பர்மிட்டே தேவையில்லை என்கிறது 66-ஆவது பிரிவு. எடை மேடையில் 3,920 கிலோ காட்டியதால் அந்த விலக்கு போய்விட்டது என்று சொல்லிப் பார்ப்பார்கள். சட்டத்தில் மொத்த எடை என்பதற்குப் பதிவு அதிகாரி அனுமதித்துச் சான்றளித்த எடை என்றே பொருள். அன்றைக்கு ஏற்றிய எடை அல்ல.

சொந்தச் சேதத்தில்தான் உங்கள் நிலை சற்றுப் பலவீனமானது. இங்கே பேசுவது பாலிசி ஒப்பந்தம். சரக்கு வாகனங்களுக்கான வழக்கமான பாலிசியில், பழுதாகி நின்ற ஒரு மோட்டார் வாகனத்தைக் கூலி வாங்காமல் இழுப்பதைத் தவிர, டிரெய்லரை இழுக்கும்போது நேரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வாசகம் இருக்கும். உங்கள் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியை எடுத்துப் படித்துப் பாருங்கள். சக்கரம் பொருத்திய கலவை இயந்திரம் டிரெய்லரா, வெறும் கருவியா? மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் எந்த வாகனமும் டிரெய்லர் என்று சட்டம் விரிவாகவே வரையறுப்பதால், அது வாகனமே அல்ல என்ற வாதத்தை எழுப்பலாமே தவிர, அதை மட்டும் நம்பி வழக்கை நடத்த நான் துணியமாட்டேன்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உரிமம் பெற்ற அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருந்தாலும், பயன்பாட்டு வரம்பை மீறியிருந்தாலும், கோரிக்கையை முழுதாக மறுக்காமல் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை வழங்கலாம் என்ற வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு தீர்ப்பில் எடுத்தாண்டது. முழுத் தொகையைக் கேட்டு அடம்பிடிப்பதைவிட, அந்த அடிப்படையில் தீர்த்துவைக்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள். மறுப்புக் கடிதத்தையும் எழுத்திலேயே வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன மறுப்பை வைத்து வழக்குத் தொடுப்பது கடினம். மறுத்தால், பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் உரிமையாளர் என்ற முறையில் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

குற்ற வழக்கைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. அதிக பாரம் இருந்தது என்பதாலேயே அலட்சியம் மெய்ப்பிக்கப்பட்டதாகாது. ஆயினும் அது கனமான சாட்சியம். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையின் நகலைப் பெறும்வரை பிரேக் பழுது என்று வாக்குமூலம் தராதீர்கள். பிரேக் நல்ல நிலையில் இருந்தது என்று அவர் எழுதியிருந்தால், வண்டி நிற்காததற்கு எஞ்சியிருக்கும் காரணம் பாரம் ஒன்றுதான்.

ஒப்பந்ததாரர் முழுமையாகத் தப்பிவிட முடியாது. ஓட்டச் செய்தவரும் பொறுப்பாளி என்பது சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. ஆனால் ஏற்றச் சொன்னவர் அவர் என்பதை நீங்கள்தான் நிறுவ வேண்டும். சிமெண்ட் டெலிவரி சீட்டு, வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு, வாடகைப் பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், மூட்டை ஏற்றிய தொழிலாளர்களின் பெயர்கள் ஆகியவற்றை இந்த வாரமே திரட்டி, உங்கள் இழப்பில் அவருடைய பங்கைக் கோரி வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். பின்னால் பொருத்தியிருக்கும் கொக்கி தயாரிப்பாளர் கொடுத்ததா, நீங்கள் பட்டறையில் பற்றவைத்ததா என்று கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. பட்டறை வேலை என்றால், அனுமதியற்ற மாற்றம் என்ற தனிக் குற்றச்சாட்டும் வரக்கூடும் என்பதால், அதை உங்கள் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.